மின்கிட்டார் ஒற்றைச்சுருள் பிக்கப் தேர்வு

ஒற்றைச்சுருள் பிக்கப் என்பது மின்கிட்டாரின் தந்தி அதிர்வை மின்னலையாக மாற்றும் காந்தக் கருவி. காந்தத்தைச் சுற்றி ஒரே ஒரு கம்பிச்சுருள் அமைந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. தெளிவும் கூர்மையும் கொண்ட ஒலி இதன் சிறப்பு. அருகிலுள்ள மின்கருவிகளின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்வது இதன் குறை. விலை குறைந்த கிட்டார் வாங்கியவர்கள் சில ஆண்டுகளுக்குப் பின் அதன் ஒலியை மேம்படுத்தவோ, பழுதை நீக்கவோ, இரைச்சலைக் குறைக்கவோ பிக்கப்பை மாற்றுவதுண்டு.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தேவாலயப் பாடகர் குழுக்களும் மெல்லிசைக் குழுக்களும் கல்லூரி இசைக்குழுக்களும் மின்கிட்டாரைப் பயன்படுத்துகின்றன. உப்புக் காற்று, இரு பருவமழைகளின் ஈரப்பதம், தற்காலிக மின்னிணைப்பு கொண்ட திருவிழா மேடைகள் ஆகியவை இங்கு பிக்கப்பின் ஒலியையும் ஆயுளையும் பாதிப்பவை. நல்ல பிக்கப் ஒரு செட்டின் விலை, அது பொருத்தப்படும் தொடக்கநிலைக் கிட்டாரின் விலையை எட்டிவிடக்கூடும். ஆகவே குறை உண்மையில் பிக்கப்பில்தான் உள்ளதா என்று அறிவதே தேர்வின் முதல் படி.

செயல்படும் விதம்

காந்தப் புலத்தில் இரும்புத்தன்மை கொண்ட பொருள் அசைந்தால் அப்புலம் மாறுபடும். மாறும் புலத்தில் இருக்கும் கம்பிச்சுருளில் மின்னழுத்தம் தோன்றும். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதி இது. கிட்டாரின் எஃகுத் தந்தி பிக்கப்புக்கு மேலே அதிரும்போது, அந்த அதிர்வின் வேகத்திலேயே சுருளில் சிறிய மின்னழுத்தம் எழுந்து அடங்குகிறது. ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

ஆகவே காந்தப் பிக்கப் மைக் அன்று. மைக் காற்றின் அதிர்வை வாங்குகிறது. பிக்கப் எஃகின் அசைவை வாங்குகிறது. நாஞ்சில் நாட்டின் வில்லுப்பாட்டில் வில்லின் நாண் தோலால் முறுக்கப்பட்டது. அதன்மேல் எத்தனை வலிமையான கிட்டார் பிக்கப்பை வைத்தாலும் நாணின் ஒலி கிடைக்காது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் கல் இசைத்தூண்களுக்கும் இதே நிலைதான். வீணையில் எஃகுத் தந்திகள் காந்தப் பிக்கப்பில் நன்றாகக் கேட்கும். பித்தளைத் தந்திகள் மிக மெலிவாகவே கேட்கும். நைலான் தந்தி கட்டிய கிட்டாருக்கும் காந்தப் பிக்கப் உதவாது.

தொடக்கமும் வளர்ச்சியும்

வணிக அளவில் வெளிவந்த முதல் மின்கிட்டார்களில் ஒன்று அமெரிக்காவின் ரிக்கன்பேக்கர் நிறுவனம் 1932-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஃப்ரையிங் பேன்'. ஜார்ஜ் போஷாம் வடிவமைத்த அதன் பிக்கப்பில் குதிரைலாட வடிவக் காந்தங்கள் இருந்தன. கிப்ஸன் நிறுவனம் 1936-இல் இ.எஸ்.-150 என்னும் கிட்டாரையும், 1946-இல் பி-90 என்னும் ஒற்றைச்சுருள் பிக்கப்பையும் அறிமுகம் செய்தது.

லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் டெலிகாஸ்டரையும் 1954-இல் ஸ்ட்ராடோகாஸ்டரையும் வெளியிட்டது. டெலிகாஸ்டரில் இரண்டு ஒற்றைச்சுருள் பிக்கப்புகளும் ஸ்ட்ராடோகாஸ்டரில் மூன்றும் இருந்தன. இன்று குறைந்த விலையில் கிடைக்கும் பல மின்கிட்டார்கள் ஸ்ட்ராடோகாஸ்டரின் வடிவைப் பின்பற்றுபவை. ஒற்றைச்சுருளின் இரைச்சலைப் போக்குவதற்காகக் கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் இரட்டைச்சுருள் பிக்கப்பை உருவாக்கினார். 'ஹம்பக்கர்' எனப்படும் அது 1957 முதல் கிப்ஸன் கிட்டார்களில் இடம்பெற்றது.

தமிழகத்தில் மெல்லிசைக்கும் திரையிசைக்கும் அப்பால் கர்நாடக இசையிலும் காந்தப் பிக்கப் கொண்ட கருவிகள் இடம்பிடித்தன. மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் (1969-2014) இரட்டைத் தந்திகளுக்குப் பதிலாக ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தினார். சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா ஆகியோர் கிட்டாரில் கர்நாடக இசையை வாசித்தவர்கள். ஒலி நீண்டு நிற்பதால் கமகங்களை விரிவாக வாசிக்க மின்கருவிகள் துணைநின்றன.

ஹம் என்னும் இரைச்சல்

ஒற்றைச்சுருள் பிக்கப் தந்தியின் அசைவை மட்டும் பிரித்தறிவதில்லை. சுற்றிலும் மாறும் எந்தக் காந்தப் புலமும் அதன் சுருளில் மின்னழுத்தத்தை உண்டாக்கும். இந்தியாவின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆகவே மின்மாற்றிகள், டியூப் லைட்டின் சோக்கு, மின்விசிறி ரெகுலேட்டர், மேடையோரம் செல்லும் மின்வயர்கள் ஆகியவற்றின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வும் அதன் மடங்குகளும் ஒலிபெருக்கியில் 'ம்ம்' என்று கேட்கும். இதுவே ஹம்.

இதனுடன் 'ஸ்ஸ்', 'ஜ்ர்ர்' என்ற கூரிய இரைச்சலும் வருவதுண்டு. இது பெரும்பாலும் மின்புலத்தால் வருவது. கிட்டாரின் உட்குழிவில் செம்புத் தகடு ஒட்டினாலோ மின்கடத்தும் பெயிண்ட் பூசினாலோ, அவற்றை எர்த்துடன் இணைத்தால் இந்தக் கூரிய இரைச்சல் குறையும். மின்மாற்றியிலிருந்து வரும் காந்த ஹம்மைச் செம்புத் தகடு தடுக்காது. பிக்கப்பை மாற்றுவதா, உள்ளே செம்புத் தகடு ஒட்டுவதா என்பதை முடிவுசெய்ய இந்த வேறுபாடு உதவும். கிட்டாரைக் கையில் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால் அது காந்த ஹம்.

எர்த் இணைப்பும் உயிர்ப் பாதுகாப்பும்

மின்கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாகக் கேபிளின் வெளியுறையுடனும், அது வழியாக ஆம்ப்ளிஃபையரின் உலோகப் பெட்டியுடனும் இணைந்தவை. பெட்டி எர்த்துடன் சரியாக இணைந்திருந்தால் தந்திகள் பாதுகாப்பானவை. எர்த் இல்லாத மேடையில் ஆம்ப்ளிஃபையரில் மின்கசிவு ஏற்பட்டால் அந்த மின்சாரம் தந்திகளுக்கு வந்துவிடும். கிட்டாரைப் பிடித்தபடி பாடுபவரின் உதடு வேறு இணைப்பிலுள்ள மைக்கில் படும்போது அவர் உடல் வழியாக மின்சாரம் பாயலாம். மழையில் நனைந்த தரையும் வெறுங்காலும் ஆபத்தைக் கூட்டுபவை.

ஹம்மைக் குறைப்பதற்காக மூன்று பின் ப்ளக்கின் எர்த் பின்னை நீக்குவதும், இரண்டு பின் அடாப்டரில் ஆம்ப்ளிஃபையரைச் செருகுவதும் சில மேடைகளில் காணப்படும் பழக்கங்கள். ஹம் குறைவதுபோலத் தோன்றினாலும் இவை உயிருக்கு ஆபத்தானவை. கிட்டார், மைக், மிக்சர் ஆகிய அனைத்தையும் எர்த் உள்ள ஒரே மின்பலகையிலிருந்து எடுப்பதும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாக அந்தப் பலகைக்கு மின்சாரம் தருவதும் சரியான வழிகள். ஜெனரேட்டரில் இயங்கும் மேடையில் அதன் எர்த், நியூட்ரல் இணைப்புகளை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும். அவை சரியாக இல்லாவிட்டால் ஆர்.சி.சி.பி. செயல்படாமல் போகலாம்.

மைக்கில் 'சுர்' என்று உணர்ந்த மேடையில் முதலில் மெயினை அணைக்க வேண்டும். எந்தப் பிக்கப்பும் இந்தக் குறைக்குத் தீர்வாகாது.

மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

மேடையின் எர்த் சரியாக உள்ளது என்று உறுதிசெய்தபின், கீழ்க்காண்பவற்றை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பது வழக்கம்.

தந்தி: கடற்கரை ஊர்களில் எஃகுத் தந்தி விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடித்த தந்தியின் ஒலி மங்கும். புதுத் தந்தி கட்டாமல் பிக்கப்பின் தரத்தைக் கணிக்க இயலாது.

பிக்கப்பின் உயரம்: கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தினால் தந்தியின் அடிப்பகுதிக்கும் காந்த முனைக்கும் இடையே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி இருப்பது பொதுவான தொடக்க அளவு. தடித்த தந்திப் பக்கம் சற்றுக் கூடுதலாக விடுவார்கள். வலிமையான காந்தம் மிக அருகில் இருந்தால் தந்தியை இழுத்துப் பிடித்து, சுருதி விலகியதுபோல அலையும் ஒலியை உண்டாக்கும். ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டு சில திருகுகளில் இதைச் சரிசெய்யலாம்.

கேபிள்: பிக்கப் சுருளின் தூண்டல்மதிப்பும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஓர் ஒத்திசைவு முகட்டை உருவாக்குகின்றன. ஒலியின் 'பளிச்' என்னும் தன்மை அந்த முகடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. 2.5 ஹென்றி தூண்டல்மதிப்பும் 100 பிக்கோ ஃபாரட் உள்மின்தேக்கமும் கொண்ட பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். மீட்டருக்கு 100 பிக்கோ ஃபாரட் கொண்ட கேபிள் 3 மீட்டர் இருந்தால் முகடு ஏறத்தாழ 5000 ஹெர்ட்ஸில் விழும். அதே கேபிள் 10 மீட்டர் இருந்தால் ஏறத்தாழ 3000 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். வீட்டில் கூர்மையாகக் கேட்ட கிட்டார் பெரிய மேடையில் மங்குவதற்கு நீளமான கேபிளே போதும்.

மிக்சர்: ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் கிட்டாரை நேரடியாக மிக்சரில் செருகுவது தேவாலயங்களிலும் சிறு மேடைகளிலும் வழக்கம். மேலே சொன்ன பிக்கப்பின் மின்மறுப்பு 4000 ஹெர்ட்ஸில் 63,000 ஓம் அளவுக்கு உயரும். மிக்சரின் லைன் உள்ளீடு 10,000 ஓம் மட்டுமே என்றால் உயர் ஒலிகள் அங்கேயே அமிழ்ந்துவிடும். கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீடு பொதுவாக 10 லட்சம் ஓம். இடையில் அதே அளவு உள்ளீட்டு மறுப்பு கொண்ட ஆக்டிவ் டி.ஐ. பெட்டியோ பஃபர் பெடலோ வைத்தால் இழந்த ஒலி திரும்பும். பிக்கப்பை மாற்றினாலும் இந்த இழப்பு தீராது.

வால்யூம் கண்ட்ரோல்: ஒற்றைச்சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது பழகிவந்த அளவு. 500 பொருத்தினால் ஒலி கூர்மையாகும். 250 பொருத்தினால் மென்மையாகும். திருகும்போது 'கரகர' என்று கேட்டால் குறை கண்ட்ரோலில் இருக்கிறது.

தொடுசோதனை: தந்தியைக் கையால் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பிரிட்ஜின் எர்த் வயர் இணைந்திருக்கிறது. தொட்டும் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலோ இரைச்சல் கூடினாலோ அந்த வயர் விட்டிருக்கலாம்.

சுருள் சோதனை: மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்துப் பிக்கப்பின் இரு வயர்களைத் தொட்டால் ஸ்ட்ராடோகாஸ்டர் வகைக்குப் பெரும்பாலும் 5 முதல் 8 கிலோ ஓம் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. சுழியத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. பிக்கப்பின் வயர் ஒன்றையாவது சர்க்யூட்டிலிருந்து கழற்றியபின்தான் இந்த அளவு சரியாக இருக்கும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் ஒலி நிறைவளிக்கவில்லை என்றாலோ, சுருளே அறுந்திருந்தாலோ பிக்கப்பை மாற்றலாம்.

தேர்வுக்கான கூறுகள்

அளவு

ஸ்ட்ராடோகாஸ்டர், டெலிகாஸ்டர், பி-90 ஆகியவற்றின் பிக்கப்புகள் வடிவில் வேறானவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று மரத்தைக் குடையாமல் பொருந்தாது. ஒரே வகையிலும் முதல் முனைக்கும் ஆறாம் முனைக்கும் இடையிலான தூரம் 50 மி.மீ., 52 மி.மீ. என மாறும். பழைய பிக்கப்பின் முனை இடைவெளி, திருகுத் துளைகளின் தூரம், அடிப்பகுதியின் ஆழம் ஆகிய மூன்றையும் அளந்தபின்னரே புதியது வாங்க வேண்டும். ஆழமற்ற குழிவு கொண்ட கிட்டாரில் உயரமான இரைச்சலற்ற பிக்கப் இறங்காது.

காந்தம்

அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவை இரும்புடன் சேர்ந்த அல்நிகோ உலோகக்கலவையே பழைய ஒற்றைச்சுருள்களின் காந்தம். ஆறு உருளைக் காந்தங்கள் நேரடியாக ஆறு தந்திகளுக்கும் கீழே நிற்கும். அல்நிகோ 5 வலிமையும் கூர்மையும் கொண்டது. அல்நிகோ 2, 3 ஆகியவை வலிமை குறைந்தவை. தந்தியை அதிகம் இழுக்காதவை. விலை குறைந்த கிட்டார்களில் பெரும்பாலும் எஃகு முனைகளுக்கு அடியில் செராமிக் காந்தப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். செராமிக் என்பதாலேயே ஒன்று தாழ்ந்ததாகிவிடாது. ஆனால் எஃகு முனைகள் சுருளின் தூண்டல்மதிப்பைக் கூட்டுவதால் ஒலியின் தன்மை மாறும்.

அரிமண் தனிமங்கள் கொண்ட காந்தங்களும் பிக்கப்புகளில் உண்டு. ஃபெண்டர் நிறுவனம் 2004-இல் சமேரியம்-கோபால்ட் காந்தம் கொண்ட இரைச்சலற்ற பிக்கப்புகளை வெளியிட்டது. சமேரியமும் நியோடிமியமும் மோனசைட் கனிமத்தில் உள்ளவை. குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் 1909-இல் கண்டறிந்தார். அன்று அதன் தேவை காஸ் விளக்கின் மேன்டிலுக்கான தோரியத்துக்காக இருந்தது. பின்னர் 1950-இல் தொடங்கப்பட்ட இந்திய அருமணல் நிறுவனத்தின் ஆலை இவ்வூரில் உள்ளது. இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் ஆகியவை இங்கு மணலிலிருந்து பிரிக்கப்படுபவை. அல்நிகோவிலும் செராமிக்கிலும் அரிமண் தனிமங்கள் அடிப்படைச் சேர்மானமாக இல்லை.

இக்கடற்கரையின் கருமணலில் காந்தத்தால் ஈர்க்கப்படும் துகள்கள் உண்டு. மணலில் வைக்கப்பட்ட கிட்டாரின் காந்த முனைகளில் அவை ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுப்பது நல்லது. துடைத்தால் துகள்கள் சுருள்பக்கம் நகரலாம்.

கம்பியும் சுற்றும்

ஸ்ட்ராடோகாஸ்டர் வகைப் பிக்கப்பில் 42 கேஜ் செம்புக் கம்பி ஏறத்தாழ 8000 சுற்று சுற்றப்பட்டிருக்கும். அதன் செம்பின் விட்டம் 0.063 மி.மீ.; தலைமுடியின் பருமன். சுற்றுகள் கூடினால் ஒலியளவும் நடு ஒலிகளும் கூடும். உச்ச ஒலிகள் குறையும். பி-90 வகையில் ஏறத்தாழ 10,000 சுற்றுகள் அகலமான சுருளில் இருப்பதால் அதன் ஒலி தடித்தது.

விற்பனை விவரங்களில் கிலோ ஓம் எண்ணே முதலில் தரப்படும். எண் பெரிதானால் ஒலி பெரிது என்று அதைக் கொள்வது தவறு. 42 கேஜில் 6 கிலோ ஓம் காட்டும் அதே நீளக் கம்பி, மெல்லிய 43 கேஜில் 7.5 கிலோ ஓம் அளவுக்குக் காட்டும். சுற்றுகளின் எண்ணிக்கை மாறவில்லை. வெப்பநிலையும் இந்த எண்ணை மாற்றும். 20 பாகை செல்சியஸில் 6 கிலோ ஓம் என்று குறிக்கப்பட்ட பிக்கப் நாகர்கோவிலின் 32 பாகை வெயிலில் ஏறத்தாழ 6.28 காட்டும். இது பழுதன்று. தூண்டல்மதிப்பு தரப்பட்டிருந்தால் ஒலியை ஊகிக்க அதுவே கூடுதல் உதவி.

முனைகளின் உயரம்

பழைய பாணிப் பிக்கப்புகளில் ஆறு முனைகளும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். 1950-களில் மூன்றாம் தந்தி கம்பி சுற்றியதாக இருந்ததால் அதற்குரிய முனையை உயர்த்தி அமைத்தனர். இன்று மூன்றாம் தந்தி பெரும்பாலும் சுற்றில்லாத வெற்று எஃகு. பழைய பாணிப் பிக்கப்பில் அது மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். மெல்லிய தந்தி கட்டுபவருக்குச் சமஉயர முனைகள் பொருத்தமானவை.

தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் வாசிப்பவருக்கு வேறொரு கூறு முக்கியம். இழுக்கும் தந்தி தன் முனையிலிருந்து விலகும்போது ஒலி சற்றுத் தாழக்கூடும். தனித்தனி முனைகளுக்குப் பதிலாக ஒரே பட்டையாக அமைந்த பிக்கப்பில் இந்தத் தாழ்வு குறைவு. தந்தியின் எண்ணிக்கையும் இடைவெளியும் மாறும் ஐந்து தந்தி மாண்டலின் போன்ற கருவிகளுக்கும் பட்டை வடிவம் எளிதில் பொருந்தும்.

எதிர்ச்சுற்றும் எதிர்முனையும்

மூன்று பிக்கப் கொண்ட கிட்டாரில் நடுப் பிக்கப்பின் சுற்றுத் திசையும் காந்த முனையும் மற்ற இரண்டுக்கும் எதிராக அமைந்தால், சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் ஹம் நீங்கும். தந்தியின் ஒலி கூடும். இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். புதிய செட்டுகள் பல இவ்வாறு அமைந்தவை.

ஒன்றை மட்டும் மாற்றும்போது சிக்கல் வருவது இங்கேதான். புதியது பழையதுடன் ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் சேர்ந்த நிலையில் ஒலி மெலிந்து, உள்ளீடற்றுக் கேட்கும். புதிய பிக்கப்பின் இரு வயர்களையும் இடம் மாற்றி இணைத்தால் ஒலி முழுமையாகும். ஆனால் சுற்றும் முனையும் இரண்டுமே எதிராக இல்லாத ஜோடியில் அதே இணைப்பில் ஹம் நீங்காது. டெலிகாஸ்டரின் கழுத்துப் பிக்கப்பில் உலோக மூடி ஒரு வயருடன் சேர்ந்திருக்கும். வயர்களை மாற்றும் முன் மூடியின் எர்த்தைப் பிரித்துத் தனி வயர் கொடுக்க வேண்டும். வாங்கும் முன் பழைய பிக்கப்பின் முனை வடக்கா தெற்கா என்று சிறு திசைகாட்டியால் பார்த்துக் குறித்துக்கொள்வது இச்சிக்கலைத் தவிர்க்கும்.

இரைச்சலற்ற வகை

ஒற்றைச்சுருளின் வடிவிலேயே இரண்டு சுருள்களை ஒன்றன்மேல் ஒன்றாகவோ பக்கத்தில் பக்கமாகவோ அடக்கியவை இரைச்சலற்ற பிக்கப்புகள். இவை காந்த ஹம்மைப் பெருமளவு நீக்குபவை. மேலடுக்கு வகையின் ஒலி ஒற்றைச்சுருளுக்கு நெருக்கமானது. பக்கச்சுருள் வகையின் ஒலி ஹம்பக்கரை நோக்கிச் செல்வது. சீரியல் செட்டுகளும் டிம்மர்களும் நிறைந்த மேடையில் வாசிப்பவருக்கும், ஒலியைக் கடுமையாகச் சிதைத்து வாசிப்பவருக்கும் இவை பயன்படும். சிதைவு கூடும்போது இரைச்சலும் அதே அளவு பெருகும் என்பதே காரணம். வீட்டில் பயில்பவருக்கும் தெளிவான ஒலியில் கார்ட் வாசிப்பவருக்கும் எதிர்ச்சுற்று கொண்ட சாதாரணச் செட்டே பெரும்பாலும் போதும்.

கடற்கரைச் சூழலில் ஆயுள்

குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது. கடலோரக் காற்றில் உப்பு கலந்திருக்கும். பழைய பாணி ஒற்றைச்சுருளில் கம்பி, காந்த உருளைகளின் மேலேயே நேரடியாகச் சுற்றப்படுகிறது. காந்தத்தின்மேல் பூசிய அரக்குப் பூச்சு விட்டுப்போனால் ஈரமும் உப்பும் சேர்ந்து அங்கே அரிப்பை உண்டாக்கும். தலைமுடி அளவுள்ள கம்பி ஓரிடத்தில் அரித்தாலும் பிக்கப் முழுவதும் ஊமையாகிவிடும்.

பிளாஸ்டிக் கூட்டின்மேல் சுற்றப்பட்ட சுருளில் காந்தமும் கம்பியும் தொடுவதில்லை. பாரஃபின் மெழுகில் ஊறவைத்த பிக்கப்பில் சுற்றுகள் அசையாமல் நிற்பதால் உரத்த ஒலியில் 'கீச்' என்ற சத்தம் எழாது. ஈரமும் எளிதில் நுழையாது. கடலோர ஊர்களில் மெழுகிட்ட பிக்கப்பே பாதுகாப்பான தேர்வு. வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடைப்பதும், மழைக்காலத்தில் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இடுவதும் ஆயுளைக் கூட்டும்.

பொருத்துதலும் சோதனையும்

கழற்றும் முன் பழைய வயரிங்கைக் கைபேசியில் படம் எடுத்து, ஒவ்வொரு வயரின் நிறத்தையும் எழுதிக்கொள்வது நல்லது. வயர்களின் நிறத்துக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி இல்லை. சால்டரிங் செய்யும்போது கேபிள் கழற்றப்பட்டிருக்க வேண்டும். 25 முதல் 40 வாட் சால்டரிங் அயர்ன் போதும். சூட்டை நெடுநேரம் வைத்தால் வால்யூம் கண்ட்ரோல் கெடும். திருகும்போது ஸ்க்ரூ டிரைவரைக் காந்தம் இழுக்கும். நழுவிய முனை சுருளில் பட்டால் கம்பி அறுந்துவிடும். சுருளைத் துணியால் மூடிக்கொண்டு வேலைசெய்வது வழக்கம்.

புதுத் தந்தி கட்டும் முன்பே கேபிளைச் செருகி, ஒவ்வொரு முனையையும் சிறிய இரும்புத் துண்டால் மெல்லத் தட்டி ஒலி வருகிறதா என்று பார்க்கலாம். பின்பு தந்தி கட்டி, சுவிட்சின் ஒவ்வொரு நிலையிலும் ஒரே கார்டை வாசித்து ஒலி மெலியும் நிலை உள்ளதா என்று கேட்க வேண்டும். உயரத்தைச் சரிசெய்தபின் ஓரிரு வாரம் வாசித்துவிட்டே புதிய ஒலியை மதிப்பிடுவது முறை.

அறுந்த சுருளை மீண்டும் சுற்ற இயலும். மோட்டார் காயில் கட்டுவதும் இதே தொழில்நுட்பந்தான் என்றாலும், இத்தனை மெல்லிய கம்பியை இழுவிசை மாறாமல் சுற்ற அதற்கேற்ற சுற்றுக்கருவியும் பழகிய கையும் தேவை. நல்ல நிலையிலுள்ள பழைய பிக்கப்பை அதன் திருகுகளுடனும் ஸ்பிரிங்குகளுடனும் பத்திரப்படுத்துவது வழக்கம். கிட்டாரை விற்கும்போது மூல உறுப்புகள் இருந்தால் மதிப்புண்டு. புதியது பிடிக்காவிட்டால் பழைய ஒலிக்குத் திரும்பவும் அவை பயன்படும்.